பன்னிரண்டு மணிக்காரர்கள்

உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். இல்லை என்று சாதிப்பதற்கு முன், அஸர் தொழுகை முடிந்து வெயில் கொஞ்சம் சாய்ந்த நேரத்தில் வாசலுக்கு வந்து பாருங்கள். பானெட் திறந்த கார் ஒன்று நிற்கும். அதன் முன்னால், வெள்ளைத் திஷ்தாஷா அங்கியின் கைகளை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு, ஒரு கை இடுப்பிலும் ஒரு கை தாடியிலுமாக, எதையும் செய்யாமல் ஒரு மனிதர் நின்றுகொண்டிருப்பார். பழுது பார்க்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். வண்டியில் ஒரு பழுதும் கிடையாது. நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி அது. பேட்டரியின் மைனஸ் வயர் மட்டும் கழற்றப்பட்டு, சமையலறையிலிருந்து கேட்காமல் எடுத்துவந்த துணியில் சுற்றப்பட்டு, பிறந்த குழந்தையைப் போல ஓரமாகப் படுக்கவைக்கப்பட்டிருக்கும்.

“என்ன செய்றீங்க?” என்று கேட்டுப் பாருங்கள்.

“மறந்துக்கிட்டிருக்கு,” என்பார், குரலைத் தாழ்த்தி. “கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.”

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் பன்னிரண்டு மணிக்காரர்கள். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் காருக்குள் இருக்கும் கடிகாரம் மறுபடி பன்னிரண்டிலிருந்து ஆரம்பிக்கும். மற்ற மனிதர்கள் அதைச் சரியான நேரத்துக்குத் திருப்பிவைப்பார்கள். இவர்கள் வைப்பதில்லை. அடுத்த வாரம் மறுபடி கழற்றப்போகிற வயருக்கு எதற்கு அந்த மரியாதை? ஆகவே குவைத் முழுவதும் இரவு இஷா தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது இவர்கள் காருக்குள் மட்டும் மதியம் நடந்துகொண்டிருக்கும்.

இவர்களுடைய நம்பிக்கை எளிமையானது. ஷுவைக் பட்டறைத் தெருக்களில் மாதக்கணக்கில் அலைந்து, நான்கு கடைக்காரர்களோடு சண்டை போட்டு, மூன்று பேரோடு சமாதானமாகி, காருக்கு ஒரு புதிய ஏர் ஃபில்டரும் தண்ணீர்க் குழாய் தடிமனில் ஒரு புதிய சைலன்சரும் வாங்கி மாட்டியாயிற்று. வண்டி இனி அதிகமாக மூச்சு இழுக்கும், அதிகமாக மூச்சு விடும். ஆனால் இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. அது பழைய மூச்சையே நினைவில் வைத்துக்கொண்டு பழைய அளவிலேயே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். எனவே அதை மறக்கச் செய்ய வேண்டும். மறந்தால் புதிதாகக் கற்றுக்கொள்ளும். இதுவரை நமக்கும் மறுப்பு இல்லை. நினைவை இழந்தபின் நான் நான்தானா என்ற கேள்வியை மெய்யியல் நூல்கள் பல நூற்றாண்டுகளாகப் புரட்டிப் பார்த்துக் களைத்துவிட்டன. நம் ஆள் அதைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் தீர்த்துவிடுகிறார். அந்தத் துணிச்சலைப் பாராட்டலாம் என்று வாயெடுக்கும்போது ஸ்பேனரைக் காணவில்லை.

எப்போதும் அதைத்தான் காணவில்லை. எட்டு இருக்கும், பன்னிரண்டு இருக்கும், எந்த நட்டுக்கும் பொருந்தாத பதிமூன்று இரண்டு இருக்கும். மனைவி, பிள்ளைகள், சமையல்காரர், தண்ணீர் வண்டிக்காரர் என்று வரிசையாக விசாரணை நடக்கும். கடைசியில் தஸ்பீஹ் மணிமாலையோடு சேர்ந்து அவருடைய பாக்கெட்டிலேயே கிடைக்கும். யாரும் மன்னிப்புக் கேட்கமாட்டார்கள்.

வயரை எவ்வளவு நேரம் கழற்றிவைப்பது என்பதில் எங்கள் திவானியாவில் இரண்டு கட்சிகள் உண்டு. தினமும் மாலையில் ஆண்கள் கூடித் தேநீர் குடிக்கும் அந்த அறையில் அரசியல் பேசி யாரும் யாரையும் அடித்ததில்லை. இதைப் பேசி ஒருமுறை தலையணை பறந்தது. அரை மணி நேரம் போதும் என்பது முதல் கட்சி. ஓர் இரவு முழுக்கக் கழற்றிவைத்தால்தான் ஆழத்திலிருக்கும் நினைவு போகும் என்பது இரண்டாவது. இரண்டு கட்சியும் ஒத்துப்போகும் இடம் ஒன்றே ஒன்று: வயரைக் கழற்றியபின் ஹாரனை அழுத்த வேண்டும், மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்து போவதற்காக. பேட்டரி இல்லாத ஹாரன் சத்தம் போடாது. அது அவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தி, ஒன்றும் கேட்கவில்லை என்பதைக் கவனமாகக் கேட்டு, திருப்தியாகத் தலையாட்டுவார்கள். இல்லாத ஒன்றை இத்தனை நம்பிக்கையோடு கேட்கும் காது உங்களுக்கு உண்டா? எனக்கு இல்லை.

பிறகு கற்றல். இதுதான் குடும்பங்களைப் பிரிக்கும் கட்டம். வயரை மாட்டி வண்டியைக் கிளப்பியபின் ஆக்ஸிலேட்டரைத் தொடக்கூடாது. விளக்குப் போடக்கூடாது. ரேடியோ கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏசி கூடாது. இன்ஜின் எந்தச் சுமையும் இல்லாமல், தான் உண்டு தன் மூச்சு உண்டு என்று அமைதியாகக் கற்க வேண்டுமாம். அதன்பின் சிறிது தூரம் முட்டையின் மேல் நடப்பது போல ஓட்ட வேண்டுமாம். வேறு நாட்டில் இது பெரிய விஷயமில்லை. எங்கள் ஊரில், ஜூலை மாதத்தில், கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஏசி இல்லாமல் உட்கார்ந்து ஓர் இயந்திரத்தின் படிப்புக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். இதே மனிதருடைய மகன் கணக்கில் இரண்டாம் முறையாகத் தோற்றிருப்பான். அவன் படிக்கும் அறைக்குள் இவர் தொலைக்காட்சியை அலறவிட்டுக் கால்பந்து பார்ப்பார். கார் படிக்கும்போது மட்டும் மூச்சுவிடக்கூடாது.

கடைசிச் சடங்கு, சாட்சி சொல்வது. யாராவது ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு நீளமான சாலையில் ஓட்டிக்காட்டுவார்.

“தெரியுதா?”

“எது?”

“இழுப்பு. பத்துக் குதிரையாவது கூடியிருக்கு.”

தெரிகிறது என்று சொல்ல வேண்டும். தெரியவில்லை என்று சொன்னவர்களுக்கு இரண்டாம் கோப்பைத் தேநீர் வருவதில்லை.

இந்த இனத்தின் முழுமையான மாதிரி எங்கள் திவானியாவைச் சேர்ந்த பர்ராக். நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஓர் அரசு அலுவலகத்தில் முத்திரை வைக்கும் வேலை. பெரிய, உயரமான, ஏழு பேர் உட்காரும் வண்டி. அரை மணிக் கட்சி. வண்டிக்கு மாட்டிய ஒவ்வொரு பொருளுக்குப் பிறகும் அவன் வயரைக் கழற்றினான். கடைசியில் புதிய கால்மிதி விரித்ததற்கும் கழற்றினான் என்று அவன் மனைவி ஹெஸ்ஸா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

போன ஜூலையில் அவனுடைய தம்பி ராகானுக்குப் பெண் கேட்கப் போக வேண்டியிருந்தது. பெண்கள் தங்களுக்குள் எல்லாவற்றையும் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். ஆண்கள் கூட்டமாகப் போய் முறைப்படி கேட்பது மட்டும் பாக்கி. ஆனால் காரியம் கெடுவதெல்லாம் இந்தப் பாக்கியில்தான். பெண்ணின் தகப்பனார் ஜஹ்ராவில் இருக்கும் அபு துவைஜ், ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர். அதற்கு முந்தைய வருடம் நேரம் தவறி வந்த ஒரு கூட்டத்துக்குக் காப்பி கொடுத்து, பேரீச்சம்பழம் கொடுத்து, பெண்ணை மட்டும் கொடுக்காமல் அனுப்பிவைத்தவர். சூரியன் மறைந்து மக்ரிப் தொழுகை முடிந்ததும் வந்துவிடுங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார். ராகானுக்கு அந்தப் பெண்ணை விட்டால் வேறு உலகமே இல்லை.

அன்று மதியம் ராகான் பர்ராக்கின் வீட்டுக்கு வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

“அண்ணே, வல்லா, அல்லாஹ் மேல ஆணையா, இன்னிக்கு ஒருநாள் மட்டும் பானெட்டைத் திறக்காதே.”

“நான் எங்கடா திறந்தேன்? சைலன்சர் இன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு. உன் கல்யாணத்துக்குப் பழைய குரலோடயா போகணும்?”

“பெரியப்பா உன் வண்டியிலதான் வர்றார்.”

“அதனாலதான் மாட்டுறேன்.”

பெரியப்பா அபு ஃபலாஹ் குடும்பத்தின் மூத்தவர். மூன்று தலைமுறை மாப்பிள்ளைகளுக்குப் பெண் கேட்ட வாய் அவருடையது. ஒருமுறைகூட இல்லை என்று பதில் வந்ததில்லை. அவர் ஏறும் கார் முன்னால் போகும். மற்ற கார்கள் பின்னால் வரும். பெரியவர் ஏறிய காரை யாரும் முந்தக்கூடாது, அது வழக்கம். பன்னிரண்டு கார்கள் வரிசையாகக் கிளம்பின. நாங்கள் மூன்றாவதில் இருந்தோம். பர்ராக் வயரை மாட்டி அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

ஆறாம் வட்டச் சாலையில் ஏறியதும்தான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. காற்று போல வண்டிகள் பறக்கும் அந்தச் சாலையில் எங்கள் ஊர்வலம் ஆமைகளுக்கு மரியாதை செலுத்துவது போல நகர்ந்தது. ஒருவரும் முந்தவில்லை. முந்த முடியாது. பின்னாலிருந்து ஹாரன் அடிக்கவும் முடியாது. பெரியவரைப் பார்த்து ஹாரன் அடிக்கிறவன் யார்? முதல் வண்டியைத் தவிர மற்றப் பதினொன்றும் விளக்குப் போட்டுக்கொண்டு, தங்கக் கரை போட்ட அங்கிகளோடு, வாய் பேசாமல் ஊர்ந்தோம்.

முதல் காருக்குள் நடந்ததைப் பின் சீட்டில் இருந்த ராகான் பிறகு எங்களிடம் சொன்னான். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

“ஏசியைப் போடு,” என்றார் பெரியப்பா. மேலே கம்பளி அங்கி, தலையில் துணி, அதற்கு மேல் கறுப்புக் கயிறு.

“கொஞ்சம் பொறுங்க பெரியப்பா. வண்டி கத்துக்கிட்டிருக்கு.”

“என்னத்தை?”

“மூச்சு விட.”

“நல்லது. நான் மறந்துக்கிட்டிருக்கேன்.”

“இன்னும் ரெண்டு பாலம் தாண்டினாப் போதும். படிப்பு முடிஞ்சுடும்.”

“அதுக்குள்ள நான் முடிஞ்சுடுவேன், பர்ராக்.”

அப்போது பக்கத்தில் வந்த காரில் ஒருவர் கண்ணாடியை இறக்கினார். ஊர்வலத்தை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கேட்டார்:

“அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும். யாரு தவறிட்டாங்க?”

“இன்னும் யாரும் தவறல,” என்றார் பெரியப்பா. “தவறிக்கிட்டிருக்கோம்.”

அந்த மனிதர் இன்னொரு முறை துஆ சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா சீட் பெல்ட்டைக் கழற்றினார்.

“பர்ராக், நிறுத்து. இறங்கு.”

“பெரியப்பா, வேணாம்! படிப்பு முடியும்போது யார் ஓட்டுறாங்களோ அவங்க கையைத்தான் அது பிடிச்சுக்கும். அவங்க மாதிரியே ஆயிடும். அப்புறம் மாறாது.”

“ஆகட்டும். இந்தக் குடும்பத்துல ஒருத்தராவது என்கிட்ட கத்துக்கட்டும்.”

பெரியப்பா ஓட்டுவதை நீங்கள் பார்த்ததில்லை. அவர் வாழ்நாள் முழுக்க ஓட்டியது ஒரு பழைய பிக்கப் வண்டி, ஆட்டு மந்தைகளுக்கு நடுவே, பாலைவனத்தில். அங்கே சாலையும் கிடையாது, கோடும் கிடையாது. இடது காலைப் பிரேக்கின் மேலும் வலது காலை ஆக்ஸிலேட்டரின் மேலும் வைத்து இரண்டையும் சேர்த்தே அழுத்துவார். எது வலிமையானது என்று வண்டி முடிவு செய்துகொள்ளட்டும் என்பது அவர் கொள்கை. பாலத்தின் நிழல் சாலையில் விழுந்திருந்தால் அது பள்ளமோ என்று நின்று பார்ப்பார். இரண்டு பாதைகளுக்கும் நடுவில்தான் போவார், இரண்டையும் விட்டுக்கொடுக்காமல். முதல் வேலையாக ஏசியைக் கடைசிவரை திருப்பினார். பிறகு இரண்டு கால்களையும் அழுத்தினார். புதிய சைலன்சர், கிணற்றில் விழுந்த ஒட்டகம் மாதிரி அலறியது.

பின்னால் பதினோரு கார்களும் பாய்ந்து, நின்று, பாய்ந்து, நிழலுக்கு நிழல் மரியாதை செய்து தொடர்ந்தன. பர்ராக் பக்கத்து சீட்டில் தலையில் கைவைத்துக்கொண்டு புலம்பினான்.

“கத்துக்குது... வல்லா, எல்லாத்தையும் கத்துக்குது...”

“வாயை மூடு பர்ராக். கதவைச் சரியாச் சாத்துனியா பர்ராக்? உன்னை யாரு பெத்தது பர்ராக்?”

ஜஹ்ராவைச் சேர்ந்தபோது மக்ரிப் முடிந்து, பேசவேண்டிய நேரமும் முடிந்து, வாசலில் அபு துவைஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே வாருங்கள் என்றார்.

சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தோம். பெரியப்பாவின் கையில் காப்பிக் கோப்பை கொடுக்கப்பட்டது. அவர் அதைக் குடிக்காமல் தரையில் வைத்தார். கேட்டது கிடைக்கும்வரை குடிக்கமாட்டேன் என்று அதற்கு அர்த்தம். தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார். அல்லாஹ்வைப் புகழ்ந்தார். இரண்டு குடும்பங்களின் பாட்டன்மாரையும் புகழ்ந்தார். ஜஹ்ராவின் கிணறுகளைப் புகழ்ந்தார். எல்லாம் ஆற்றொழுக்காக வந்தது. கூட்டம் நிம்மதியாக மூச்சு விட்டது.

“அதனால எங்க பிள்ளை...” என்றார். நின்றார்.

முகத்தில் ஒன்றும் இல்லை. சுத்தமாகத் துடைத்து வைத்தது போல இருந்தது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வழி நெடுக அவர் வாயில் இருந்தது ஒரே ஒரு பெயர்தான். மிச்சமிருந்த அந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

“எங்க பிள்ளை பர்ராக்குக்கு உங்க மகளைக் கேட்டு வந்திருக்கோம்.”

காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது. பர்ராக்கின் தஸ்பீஹ் தரையில் விழுந்தது. கூடவே பத்தாம் நம்பர் ஸ்பேனரும் விழுந்து உருண்டது.

“எந்த பர்ராக்?” என்றார் அபு துவைஜ், மெதுவாக. “இதோ இருக்காரே, இவருக்கா? இவருக்கு நாலு பிள்ளைங்கன்னு கேள்விப்பட்டேன்.”

பெரியப்பா திருத்தவில்லை. ஐம்பது வருடங்களாகச் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்காதவர். எடுக்கும் வழியே அவருக்குத் தெரியாது. கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேரம் ஏன் ஆச்சு?” என்று அடுத்த கேள்வி வந்தது.

இனி இழப்பதற்கு ஒன்றும் இல்லாத ராகான்தான் சொன்னான்:

“வண்டி கத்துக்கிட்டிருந்துச்சு, ஐயா.”

அபு துவைஜ் எழுந்தார். வெளியே போய்விட்டார். முடிந்தது என்று நினைத்தோம். ராகான் பக்கத்திலிருந்த தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஆனால் திறந்த கதவு வழியாகப் பார்த்தால், அவர் நேராகப் பர்ராக்கின் வண்டிக்குப் போகிறார். கதவைத் திறக்கிறார். உள்ளே குனிந்து எதையோ பார்க்கிறார்.

“பர்ராக்! இங்கே வா.”

பர்ராக் போனான். நாங்களும் மெல்லப் பின்னால் போனோம்.

“கடிகாரம் ஒண்ணே முக்கால்னு காட்டுது,” என்றார் அபு துவைஜ். “அப்போ நீ வயரை மாட்டி ரெண்டு மணி நேரம்கூட ஆகல.”

“ஆகல, ஐயா.”

“எவ்வளவு நேரம் கழட்டி வச்சிருந்தே?”

“அரை மணி.”

“அரை மணியா?” குழந்தைக்குப் பாதி மருந்து கொடுத்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். “அரை மணியில எதுய்யா மறக்கும்? ஒரு ராத்திரி வேணாமா?”

அப்போதுதான் முற்றத்தின் மூலையைப் பார்த்தோம். அங்கே அவருடைய சொந்த வண்டி, பானெட் திறந்து நின்றுகொண்டிருந்தது. பூப்போட்ட சமையலறைத் துணியில் ஏதோ சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

“ஹாரன் அழுத்துனியா?” என்று கேட்டார்.

“அழுத்தினேன், ஐயா.”

“ம். நல்ல வளர்ப்பு.”

திரும்ப உள்ளே வந்தார்; நாங்களும் வந்து உட்கார்ந்தோம். பெரியப்பா இருந்த இடத்திலேயே இருந்தார், தொடாத கோப்பையோடு.

“அபு ஃபலாஹ், நீங்க இன்னும் வரல.”

“வந்துட்டேனே?”

“வரல. பக்கத்து அறையில ஏசி ஓடுது. அங்கே போய்த் தண்ணி குடிங்க, காலை நீட்டுங்க. எப்போ தோணுதோ அப்போ எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாசல் வழியா வாங்க. இன்னிக்கு நீங்க வர்றதா சொல்லியிருந்தீங்க, நானும் காத்துக்கிட்டிருக்கேன்.”

எங்கள் கூட்டம் மொத்தமும் எழுந்து வெளியே போனது. கோப்பைகள் கழுவப்பட்டன. காப்பி புதிதாகக் காய்ச்சப்பட்டது. பெரியப்பா குளிர்ந்த அறையில் கண்ணை மூடி உட்கார்ந்து, “ராகான், ராகான்,” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பிறகு வாசலுக்குப் போய், தட்டி, சலாம் சொல்லி நுழைந்தோம். அபு துவைஜ் முதல்முறை பார்ப்பது போல எழுந்து வந்து கட்டிக்கொண்டார். வழியில் கூட்டமா, வீட்டில் எல்லோரும் நலமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெரியப்பா அல்லாஹ்வைப் புகழ்ந்தார், பாட்டன்மாரைப் புகழ்ந்தார், கிணறுகளைப் புகழ்ந்தார்.

“எங்க பிள்ளை ராகானுக்கு,” என்றார். சொல்லிவிட்டு, சரிதானா என்று ராகானைப் பார்த்தார். அவன் அழுதுகொண்டே தலையாட்டினான்.

“பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணு,” என்றார் அபு துவைஜ். “காப்பியைக் குடிங்க, ஆறிடப் போகுது.”

இந்த இனத்தைப் பற்றி ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு கூட்டமே பார்த்த ஒன்றைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ள ஒரு மனிதருக்கு மனம் வந்தது. நூல்கள் படித்த எனக்கு அந்த இடத்தில் அது தோன்றியிருக்காது. போதும், இதற்கு மேல் பாராட்டினால் தலையில் ஏறிவிடும், அடுத்த வாரமே டர்போ வாங்கிவிடுவார்கள்.

பர்ராக் வீடு திரும்புவதற்கு முன்பே செய்தி ஹெஸ்ஸாவிடம் போய்ச் சேர்ந்திருந்தது. கதவைத் திறந்தாள்.

“வா மாப்பிள்ளை. பொண்ணு பிடிச்சிருந்துதா?”

“ஹெஸ்ஸா, அது முடிஞ்சு போச்சு. எல்லாரும் வெளியே போய் மறுபடி வந்தோம். முதல்லேருந்து ஆரம்பிச்சாச்சு. எல்லாருமே மறந்தாச்சு.”

“எனக்கு பேட்டரி கிடையாது, பர்ராக்.”

அவன் அன்று வரவேற்பறையில் படுத்தான். ராகானுக்குக் கல்யாணமாகிவிட்டது, நன்றாக இருக்கிறான். ஜஹ்ரா பக்கம் போனால் இன்றுவரை பர்ராக்கை “மூத்த மாப்பிள்ளை” என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

வண்டிதான் மாறவில்லை. பாலத்தின் நிழலைக் கண்டால் தயங்குகிறது. ரவுண்டானாவில் நுழையலாமா வேண்டாமா என்று நடுவில் நின்று யோசிக்கிறது. பர்ராக் அரை மணிக் கட்சியை விட்டுவிட்டு ராத்திரிக் கட்சியில் சேர்ந்துவிட்டான். அடுத்தடுத்து இரண்டு ராத்திரிகள் கழற்றிவைத்தான். ஹாரனைக் கட்டைவிரல் வீங்கும்வரை அழுத்தினான். ஷுவைக் மெக்கானிக்குகள் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். திவானியாவில் யாரையாவது ஏற்றிக்கொண்டு போய் அவன், “தெரியுதா?” என்று கேட்டால், நாங்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறோம்.

“தெரியுது. பெரியப்பா.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குக் காரே இல்லை, நீங்கள் பேருந்தில் போகிறவர். அப்படியா? ஒவ்வொரு ரமலான் முதல் நாளும் “இனிமே நான் புது மனுஷன்” என்று வீட்டாருக்கு அறிவிப்பவர் யார்? சண்டை முடிந்ததும், “சரி, நடந்ததை மறந்துடுவோம், முதல்லேருந்து ஆரம்பிப்போம்,” என்று சொல்பவர், எப்போதும் எப்போதும், தவறு செய்தவர்தானே? கடைசியாக அதைச் சொன்னது நீங்களா, எதிரில் நின்றவரா? பதில் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டிலும் பேட்டரி இல்லாத ஒருவர் இருப்பார், அவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

கார் வைத்திருப்பவர்கள் மட்டும் இப்போதே கீழே போய் உள்ளே இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். சரியான மணி காட்டினால் மகிழ்ச்சி, நிம்மதியாகத் தூங்குங்கள். பன்னிரண்டு சொச்சம் காட்டினால் பதற வேண்டாம். ஏசியை அணையுங்கள். ஆக்ஸிலேட்டரைத் தொடாதீர்கள். பெரியப்பா யாரும் உள்ளே உட்கார்ந்திருக்கவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பேனரைத் தேடி வீட்டில் இருப்பவர்களை எழுப்பாதீர்கள். உங்கள் பாக்கெட்டில்தான் இருக்கிறது.